கடைமடைக்கு எட்டாத நீர்

கொழும்பிலிருந்து புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை என்று மலையும் காடும் கடந்து, யானைகள் நீருண்ண இறங்கும் லாகுகலைக் குளத்தருகே சென்று, பொத்துவிலில் கடலைக் கண்டு, அங்கிருந்து வடக்கே திரும்பித் திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை ஆகிய ஊர்களின் நடுவே ஓடி மட்டக்களப்பில் முடிகின்ற ஏ-4 வீதி, இத்தீவின் மிக நீண்ட வீதிகளுள் ஒன்று. ஆயினும் உல்லாசப் பிரயாணிகளைப் பொறுத்தவரையில் அது பொத்துவிலிலேயே முடிந்துவிடுகிறது. அலைச்சறுக்குப் பலகையை வாகனத்தின் கூரையில் கட்டிக்கொண்டு வருகிறவர், பொத்துவிலிலிருந்து தெற்கே சில கிலோமீற்றர் சென்று அறுகம்குடாவில் இறங்கித் தங்கிவிடுகிறார்; வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளத்துக்கு அடுத்தடுத்து அமைந்திருக்கும் எங்கள் ஊர்களை அவர் காண்பதே இல்லை.

சென்ற இதழில் அறுகம்குடாவின் அலைகளைப் பற்றி எழுதியிருந்தேன். சித்திரை கழிந்து தென்மேற்குப் பருவக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசத் தொடங்கும்போது, தென்சமுத்திரத்தில் பிறந்து வரும் நெடிய அலைகள் அக்காற்றினால் நிமிர்ந்து, முனையைச் சுற்றி ஒழுங்காக உடைகின்றன என்றும், ஐப்பசி வரை நீடிக்கும் அந்த ஆறு மாதமே அவ்வூரின் அறுவடைக் காலம் என்றும் கூறியிருந்தேன். அந்த அறுவடையில் கல்முனையின் பங்கு என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சொற்பம் என்பதே என் விடை. அதன் காரணத்தைச் சொல்ல, கடலை விட்டுச் சற்றுநேரம் வயலுக்குப் போக வேண்டியிருக்கிறது.

பிராந்திய அபிவிருத்தி என்ற சொல் எங்கள் அம்பாறை மாவட்டத்துக்குப் புதியதன்று. இம்மாவட்டமே அச்சொல்லின் குழந்தை. அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை ஸ்தாபிக்கப்பட்டது; எங்கள் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த நதி இங்கினியாகலையில் மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரமாயிற்று; மட்டக்களப்பிலிருந்து பிரிந்து 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மேற்கே புதிய குடியேற்றங்களும் கிழக்கே தொன்மையான கரையோர ஊர்களும் ஒரே நீரை எதிர்பார்த்து நின்றபோதிலும், மனங்கள் ஒன்றாகவில்லை. 1956இல் மூண்ட இனக்கலவரத்தில் அம்மண்ணில் இரத்தமும் சிந்தியது. நீர் யாருக்கு முதலில் என்ற கேள்வி வெகுகாலம் தீராமலே இருந்தது. வாய்க்காலின் தலைப்பில் இருந்தவர் வேண்டிய மட்டும் பாய்ச்சினார். கடைமடையில் இருந்தவர் வானத்தைப் பார்த்தார். தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசுவோர் என்பதால், நீர்ப்பஞ்சம் இனப்பிணக்காக மாறுவதற்கு எல்லா ஏதுக்களும் இருந்தன.

அவ்வாறிருக்கையில், 1981ஆம் ஆண்டில், அணையில் நீர் மிகவும் வற்றியிருந்த ஒரு சிறுபோகத்தில், கல்லோயாவின் இடதுகரையில் நடந்த சம்பவத்தை உலகத்து நீர்ப்பாசன அறிஞர்கள் இன்றளவும் எடுத்துப் பேசுகிறார்கள். கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து பயிற்றிய அமைப்பாளர்கள், விவசாயிகளின் மத்தியிலேயே குடியிருந்து, ஒரே சிறு வாய்க்காலில் நீர் பெறுவோரை ஒன்றாக இருத்திப் பேச வைத்தனர். முதலில் வாய்க்கால்களைத் தூர்வாரினார்கள். பிறகு முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். அதன் பின்பு தலைப்பில் இருந்தவர்கள் தாமாகவே நீரை மிச்சம் பிடித்து, முகமறியாத கடைமடைக்காரருக்கு அனுப்பி வைத்தார்கள். மேலிருந்து வந்த ஆணை அதற்குக் காரணமன்று. யாருக்கு எவ்வளவு போகிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்தபோது, மனிதருக்குள் இருந்த நியாயம் விழித்துக்கொண்டது.

உல்லாசப் பிரயாணிகளின் பணமும் நீரைப் போன்றதே என்று நான் கருதுகிறேன். அறுகம்குடா வாய்க்காலின் தலைப்பு; கல்முனை கடைமடை. இடையில் எங்கெங்கே கசிகிறது என்று பார்த்தாலன்றி எந்தத் திட்டமும் பிரயோஜனப்படாது.

மருதமுனையில் ஒரு தறிக்கூடத்துக்குச் சென்றிருந்தேன். சாறனும் புடவையும் நெய்து தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அவ்வூரின் பெரியவர் ஒருவரிடம், “பொத்துவிலுக்கு வாற வெள்ளைக்காரர் உங்கட துணிய வாங்குறாங்களா, காக்கா?” என்று கேட்டேன். அவர் தறியை நிறுத்தாமலே, “வாங்குவாங்க தம்பி, வாங்காம என்ன? கொழும்புக் கடையில வாங்கிக்கிட்டுத்தான் இஞ்சால வாறாங்க,” என்றார். 70 கிலோமீற்றர் தெற்கே போய்ச் சேர வேண்டிய துணி, நாட்டின் மறுகரைக்குப் போய், இருவர் இலாபத்தைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறது. நெய்தவருக்குக் கூலி மாத்திரமே எஞ்சுகிறது.

துணி ஓர் உதாரணந்தான். சம்மாந்துறை வயல்களின் அரிசி, அட்டாளைச்சேனைப் பக்கத்து எருமைத் தயிர், சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் விடியற்காலையில் கரைவலை இழுத்துக் கரைசேர்க்கும் மீன் ஆகிய இவையனைத்தும் ஒரு விடுதியின் அடுக்களைக்கு அன்றாடம் தேவையானவை. ஆனால் விடுதிக்காரருக்கு வேண்டியது ஒவ்வொரு நாளும் ஒரே தரம், ஒரே அளவு, ஒரே விலை. தனித்தனியே நிற்கும் சிறு உற்பத்தியாளர் எவராலும் அதைத் தர இயலாது. பலர் கூடினால் இயலும். அபிவிருத்தி அறிக்கைகளில் பொருளாதாரப் பங்குடைமை என்று பெரிய சொல்லால் எழுதப்படுவது, அடிப்படையில் இந்தக் கூடுதலே.

முயற்சிகள் இல்லாமலில்லை. திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, பொலன்னறுவை ஆகிய 4 மாவட்டங்களை ஒரு தொகுதியாகக் கொண்டு, உல்லாசப் பிரயாணத்துறைக்கு வேண்டிய திறன்களை வளர்க்க அவுஸ்திரேலிய அரசின் உதவியுடன் ஒரு திட்டம் நடந்தது. மாவட்ட எல்லைகளைத் தாண்டி யோசித்தது அதன் சிறப்பு. எங்கள் கரையிலோ கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய 2 மாநகர சபைகளும், காரைதீவிலிருந்து பொத்துவில் வரை வரிசையாகப் பிரதேச சபைகளும் இருக்கின்றன. எல்லை எது, பிரதேச செயலகம் யாருக்கு என்ற வழக்குகளில் எங்கள் தலைவர்களின் நல்ல வருடங்கள் பல கழிந்துவிட்டன. அந்த வழக்குகளின் பின்னே நியாயமான அச்சங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீரைப் பங்கிடும் வட்டவிதானை இல்லாத வயலில் நீர் தானாக முறைப்படி பாயாது.

இங்கே பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கீழ்க்கரை முஸ்லிம்களிடையே, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோவதும் நெடுநாளைய வழமை. வீடு பெண்ணின் சொத்து. விருந்தினரை வீட்டில் தங்கவைத்து உபசரிக்கும் தொழில் இக்கரையில் விருத்தியடையுமானால், அந்த வருமானம் அவள் கைக்கே நேராகச் சேரக்கூடிய ஓர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. சீதன வழக்கத்தால் தகப்பன்மாரும் சகோதரர்களும் படும் துன்பம் எனக்குத் தெரியாததன்று. எனினும் வீட்டுரிமை என்னும் இந்த ஒரு பலத்தைத் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்த்ததாக நான் அறியேன்.

மூலதனம் வெளியிலிருந்து வரட்டும். நிலம் கைமாறக் கூடாது. 2004 மார்கழி 26ஆம் தேதி கடல் எழுந்து, இம்மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பின்னர், வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். வீடிழந்த மீனவர், தங்களை அகற்றிய கரையில் நாளை பெரும் விடுதிகள் எழுமோ என்று அஞ்சினார்கள். பின்பு விதி தளர்ந்தது. அந்த அச்சம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

தலைப்பிலும் நீர் நிரந்தரமன்று. 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் இத்தீவுக்கு வந்த பிரயாணிகள், 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் 19 இலட்சமாகக் குறைந்தனர்; தொற்றுநோய் பரவிய 2021இல் 2 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் அறுகம்குடாவுக்குப் போக வேண்டாமென்று தன் நாட்டவரை எச்சரித்தது. ஆகையால் அலையை மட்டும் நம்பிய ஊர் அலையோடு விழும். வடக்கே கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும்போதும், தெற்கே உகந்தை முருகனைத் தரிசித்துக் குமணக் காட்டின் வழியே கதிர்காமத்துக்கு யாத்திரிகர் நடக்கும்போதும், யாருடைய திட்டமும் இல்லாமல் ஜனங்கள் இக்கரைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு நிழலும் நல்ல தண்ணீரும் தூய்மையான கழிப்பிடமும் செய்து வைப்பதிலிருந்து எங்கள் சபைகள் கூடி வேலை தொடங்கலாம்.

நீரைப் பற்றிப் பேசிவிட்டேன். மணலைப் பற்றிப் பேசவில்லை. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைப்பதும், அதற்கு வடக்கே கரையைக் கடல் அரித்து உண்பதும் எவ்வாறு நேர்ந்தன என்பதை அடுத்த இதழில் அக்கரையிலேயே நின்று பார்ப்போம்.