பாதாளத்திற்கு வாசல் உண்டா?

சென்ற ஆண்டு நவராத்திரி விழாவில் ஒருநாள் பூசை முடிந்து, பக்தர்களுக்குப் பிரசாதம் வழங்கிக்கொண்டிருந்த நேரம். நம் ஆலயத்தின் நெடுநாள் உபயகாரர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்து, தமது கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். விண்ணிலிருந்து எடுத்த பூமியின் படம் அது. வட துருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கருவட்டம் தெரிந்தது.

"வாத்தியாரையா, பூமிக்குள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடுதான். இதுதான் அதன் வாசல். நம் புராணங்கள் சொன்ன பாதாள லோகத்தை விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது. சமய வகுப்புப் பாடநூலில் இதைச் சேர்த்துவிடுங்கள். அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

அவருடைய பக்தியில் எனக்கு ஐயமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பிற்கு மேசை நாற்காலி வாங்கித் தந்தவரே அவர்தாம். ஆயினும் வகுப்பறையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், சரிபார்க்காத எதையும் பிள்ளைகளின் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "பார்த்துச் சொல்கிறேன் ஐயா" என்று விடைபெற்றேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவட்டத்தின் கதை

முதலில் அந்தப் படத்தைப் பார்ப்போம். அது போலியன்று. 1968 நவம்பரில் எஸ்ஸா-7 என்ற அமெரிக்க வானிலைத் துணைக்கோள் எடுத்ததுதான். ஆனால் அது ஒரே நொடியில் எடுத்த ஒரே படம் அன்று. ஒரு நாள் முழுவதும் சூரிய ஒளியில் எடுத்த பல படங்களை ஒட்டிச் சேர்த்த படம். நவம்பர் மாதத்தில் வட துருவத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. ஒளிபடாத இடம் படத்தில் கறுப்பாக விழுந்தது. கோடைக்காலத்தில் எடுத்திருந்தால் அங்கே பனிதான் தெரிந்திருக்கும்.

துருவங்களுக்கு மனிதர் போகாமலும் இல்லை. அமுண்ட்சன் 1911-இல் தென் துருவத்தில் கால் வைத்தார். 1926-இல் நோர்கே என்ற ஆகாயக் கப்பலில் வட துருவத்தின் மேலாகப் பறந்தார். 1958-இல் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் வட துருவப் பனிக்கு அடியிலேயே கடந்து சென்றது. வாசல் எதையும் யாரும் காணவில்லை.

அறிஞரும் நம்பியதுண்டு

"பூமி கூடு என்பது வெறும் கட்டுக்கதைதானே?" என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடவும் கூடாது. இக்கருத்தை 1692-இல் முறையாக எடுத்துரைத்தவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரம் ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்த அதே பேரறிஞர்தான். திசைகாட்டியின் முள் காட்டும் திசை ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல மாறுவதை அவர் கவனித்தார். பூமிக்குள் ஏதோ தனியே சுழல்கிறது என்று எண்ணினார். ஏறத்தாழ 500 மைல் கனமுள்ள மேலோடு, அதற்குள் வேறு ஓடுகள், நடுவில் ஓர் உருண்டை என அவர் கணித்தார்.

அவருக்கு ஆதரவாக இன்னொரு கணக்கும் இருந்தது. பூமியைவிடச் சந்திரன் அடர்த்தி மிக்கது, 9-க்கு 5 என்ற விகிதத்தில், என்று நியூட்டன் 1687-இல் எழுதியிருந்தார். அப்படியானால் பூமிக்குள் பெரும்பகுதி வெற்றிடமாக இருக்க வேண்டும் என்பது ஹாலியின் முடிவு. கணக்கு சரி, எடுத்துக்கொண்ட எண் தவறு. உண்மையில் சந்திரனின் அடர்த்தி பூமியினுடையதில் ஐந்தில் மூன்று பங்குதான். நியூட்டனே பிழை செய்தார் என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ஹாலி கையில் கிடைத்த அளவைகளைக் கொண்டு ஊகித்தார். பின்னால் வந்தவர்கள் அப்படியல்லர். 1818-இல் ஜான் சிம்ஸ் என்ற அமெரிக்க இராணுவ அதிகாரி, துருவங்களில் வாசல் உண்டு, உள்ளே மக்கள் வாழ முடியும் என்று அறிக்கை விட்டு, தம்முடன் வர நூறு துணைவர்களைக் கேட்டார். 1829-இல் இறக்கும்வரை அதையே ஊர் ஊராகப் பேசினார். ஆனால் கூட்டின் உட்புறச் சுவரில் எதுவும் ஒட்டி நிற்காது, அங்கே சுவரின் ஈர்ப்பு எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்பதை நியூட்டன் அதற்கு 130 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவியிருந்தார். சைரஸ் டீட் என்ற மருத்துவரோ, நாம் வாழ்வதே கூட்டின் உட்புறத்தில்தான் என்று கூறி, புளோரிடாவில் அடியார் கூட்டம் ஒன்றையே அமைத்தார். 1897-இல் அவர்கள் கடற்கரையில் அளந்து பார்த்து, தாங்கள் நம்பியதே உறுதியாயிற்று என்றனர். முடிவை முதலில் எழுதிவைத்துவிட்டு அளக்கப் போனால் வேறு என்ன கிடைக்கும்?

தட்டிப் பார்த்தல்

"உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?" என்று உபயகாரர் கேட்டார். நியாயமான கேள்வி. ருஷ்யாவின் கோலா பகுதியில் தோண்டிய துளை 1989-இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அதுவே பூமியின் மையத்திற்குச் செல்லும் 6,371 கிலோமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயினும், சந்நிதியில் உடைக்கத் தேங்காய் வாங்கும்போது நாம் அதை வெட்டிப் பார்த்தா வாங்குகிறோம்? கையில் தூக்கிக் கனம் பார்க்கிறோம், தட்டி ஓசை கேட்கிறோம். பூமியையும் இவ்வாறே சோதித்தனர்.

கனம் பார்த்தவர் ஹென்றி கேவண்டிஷ். 1798-இல் ஈயக் குண்டுகளுக்கு இடையேயுள்ள மெல்லிய ஈர்ப்பை அளந்து, பூமி தண்ணீரைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு அடர்த்தியுள்ளது என்று கண்டார். நம் காலடிப் பாறையோ இரண்டரை முதல் மூன்று மடங்குதான். மேலே இலேசாகவும் மொத்தத்தில் கனமாகவும் இருந்தால், உள்ளே வெற்றிடம் இருக்க வழியில்லை. மேற்பாறையைவிட மிகக் கனமான பொருள்தான் இருக்க வேண்டும்.

ஓசை கேட்பதற்கு நிலநடுக்கம் உதவிற்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஓல்டாம், 1897-இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்து, அதிர்வலைகள் வெவ்வேறு வகையாகப் பயணம் செய்வதைக் கண்டார். 1906-இல் பூமிக்கு மையக்கரு உண்டென்று காட்டினார். 1936-இல் இங்கே லேமன் என்ற டென்மார்க் பெண்மணி அக்கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதைக் கண்டுபிடித்தார். 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்புக் குழம்பு, அதனுள் திடமான இரும்பு உருண்டை என்பது இன்று தெளிவு. திசைகாட்டி முள் மாறுவதும் அந்தக் குழம்பின் ஓட்டத்தால்தான். உள்ளே ஏதோ அசைகிறது என்ற மட்டில் ஹாலி சரியாகவே உணர்ந்திருந்தார்!

2004 டிசம்பர் 26-ஆம் நாளை நாம் மறக்க முடியாது. சுமத்திராவில் எழுந்த அந்த அதிர்ச்சி, பினாங்குக் கடற்கரையிலும் உயிர்களைப் பறித்தது. அன்று பூமி முழுவதும் அடித்த மணிபோல் அதிர்ந்தது. அந்த நுண்ணிய அதிர்வு அடங்க வாரக்கணக்காயிற்று. அவற்றுள் ஒன்று ஒருமுறை அசைந்து திரும்ப ஏறத்தாழ 54 நிமிடம் ஆகும். உலகெங்கும் உள்ள கருவிகள் பதிந்த அந்த அதிர்வுகளும், பூமி வெறுங்கூடு அன்று என்பதையே காட்டின.

அப்படியானால் புராணம்?

அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம் என்று கீழேழு உலகங்களை நம் முன்னோர் கூறினர். சுதலத்தில் மாபலி வாழ்கிறான் என்கிறது பாகவதம். கொடுத்த வாக்கைக் காக்கத் தன் தலையையே தந்தவன், தாழ்ந்தும் உயர்ந்தான் என்பதே அங்கு நாம் கற்பது. அதைக் கற்க மண்வெட்டி தேவையில்லை.

எனக்கு விடை சொன்னது நம் கருவறையின் பின்புறச் சுவரில் இருக்கும் லிங்கோத்பவர். திருமால் பன்றி உருவெடுத்துப் பூமியைப் பிளந்து சென்றார். அடியைக் காணவில்லை. திரும்பி வந்து, "காணவில்லை" என்றார். பிரமன் அன்னமாய்ப் பறந்தார். முடியைக் காணாமலே "கண்டேன்" என்றார், தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தார். உண்மை சொன்னவர் உயர்ந்தார். பொய் சொன்னவருக்குக் கோயில் வழிபாடு இல்லாமற் போயிற்று. சாட்சி சொன்ன பூ சிவபூசைக்கு ஆகாததாயிற்று. இறைவனை உயர்த்துவதற்காகச் சொன்னாலும் பொய்ச்சாட்சி பொய்ச்சாட்சிதான்.

நம் பிள்ளைகள் பள்ளியில் பூமியின் உள்ளமைப்பைப் படிக்கிறார்கள். நாம் தந்த பாடநூலில் ஒரு பக்கம் தவறென்று கண்டால், அடுத்த பக்கத்தில் இருக்கும் அன்பையும் அறத்தையும் எப்படி நம்புவார்கள்? கேள்வி கேட்கும் பிள்ளையால் சமயம் கெடாது. அவன் கேள்விக்கு நாம் தரும் தவறான விடையால்தான் கெடும்.

இவற்றையெல்லாம் உபயகாரரிடம் சொன்னேன். நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "படம் வேண்டாம் வாத்தியாரையா. அடிமுடி தேடிய கதையைப் போடுங்கள். அச்சுச் செலவு அப்படியேதான்" என்றார். அந்தப் பாடம் இவ்வாண்டுப் பாடநூலில் இடம்பெற்றுள்ளது.

அன்பர்களே, அடுத்த முறை பிரகாரம் வலம் வரும்போது லிங்கோத்பவர் முன் சற்றே நின்று, கீழே இருக்கும் பன்றியைப் பாருங்கள். "காணவில்லை" என்று சொல்லும் துணிவை எல்லாம் வல்ல சிவபெருமான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக.