பாற்பல் அகற்றல்

பாற்பல் அகற்றல் என்பது, குழந்தைகளின் பாற்பல்லைப் பல் மருத்துவர் பிடுங்கி எடுப்பதைக் குறிக்கும். பாற்பல் எப்படியும் விழக்கூடியது என்பதால் இது பெரிதாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் ஒவ்வொரு பாற்பல்லும், தனக்குப் பின் வரும் நிரந்தரப் பல்லுக்கான இடத்தைத் தாடையில் காத்து நிற்கிறது. எனவே எந்தப் பல், எந்த வயதில் அகற்றப்படுகிறது என்பது முக்கியமானது.

பாற்பற்கள் விழும் முறை

பாற்பற்கள் மொத்தம் 20 ஆகும். ஒவ்வொரு தாடையிலும் 4 வெட்டுப்பற்கள், 2 கோரைப்பற்கள், 4 கடைவாய்ப்பற்கள் உள்ளன. இவை பொதுவாக 6 மாத வயதளவில் முளைக்கத் தொடங்கி, ஏறத்தாழ 3 வயதுக்குள் முளைத்து முடியும். அடியில் நிரந்தரப் பல் வளரும்போது பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைகிறது. வேர் கரைந்த பல் ஆடித் தானாக விழும். வெட்டுப்பற்கள் 6 முதல் 8 வயதிலும், கடைவாய்ப் பாற்பற்கள் 9 முதல் 12 வயதிலும் பெரும்பாலும் விழுகின்றன. வேர் கரையாத பல்லில் நூல் கட்டி இழுத்தால் ஈறு கிழியலாம், வேர் முறியலாம்.

சுமார் 6 வயதில், பாற்பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலே முளைப்பதால் இதனையும் பாற்பல் என்று பலர் எண்ணிவிடுவதுண்டு. இதனை இழந்தால் மாற்றுப் பல் முளைக்காது.

அகற்றுவதற்கான காரணங்கள்

* சொத்தை பற்கூழ் வரை பரவி, வேரடியில் சீழ் பிடித்து, பல்லைச் சீரமைக்க இயலாத நிலை. இத்தொற்று நீடித்தால் அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லும் பாதிக்கப்படலாம்.
* அடிபட்டு வேர் முறிதல் அல்லது பல் மிகவும் தளர்தல்.
* நிரந்தரப் பல் உட்புறமாக முளைத்த பின்னரும் பாற்பல் விழாதிருத்தல். கீழ் முன்பற்களில் இது மிகுதி. பாற்பல் விழுந்த பின், நாக்கின் அழுத்தத்தால் புதிய பல் பெரும்பாலும் முன்னோக்கி நகர்ந்துவிடும்.
* பிறக்கும்போதே இருக்கும் பல் மிகவும் ஆடி, மூச்சுக்குழாயினுள் செல்லக்கூடிய நிலை.

சொத்தையான பற்கள் எல்லாம் அகற்றப்படுவதில்லை. அடைத்தல், பற்கூழ்ச் சிகிச்சை, உலோக உறையிடல் ஆகியவற்றால் பல பற்களைக் காக்க இயலும்.

இட இழப்பு

முன்பல்லை முன்னதாக இழப்பதால் ஏற்படும் இட இழப்பு குறைவு. இரண்டாம் கடைவாய்ப் பாற்பல்லை முன்னதாக இழந்தால், அதன் பின்னுள்ள நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னோக்கிச் சாய்ந்து இடைவெளியை அடைத்துவிடும். பின்னர் வரும் முன்கடைவாய்ப்பல் இடமின்றித் தாடைக்குள் சிக்கலாம், அல்லது வரிசை விலகி முளைக்கலாம். இதனைத் தடுக்க, பக்கத்துப் பல்லில் உலோகப் பட்டையும் வளைந்த கம்பியும் கொண்ட இடங்காப்பி பொருத்தப்படுகிறது.

அகற்றும் முறை

முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்து, வேரின் நிலையும் நிரந்தரப் பல்லின் நிலையும் அறியப்படும். குருதி உறையாமை, இதய நோய், மருந்து ஒவ்வாமை போன்றவை இருந்தால் பெற்றோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஈறில் களிம்பு தடவியபின், லிடோகெயின் போன்ற மருந்தை ஊசி மூலம் செலுத்தி அவ்விடம் மரத்துப்போகச் செய்யப்படும். அஞ்சும் குழந்தைகளுக்கு நைட்ரசு ஆக்சைடு வளிமம் சுவாசிக்கத் தரப்படுவதுண்டு. இவ்வளிமத்தைப் பல் பிடுங்குவதற்கு 1844 இல் முதலில் பயன்படுத்தியவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஓரசு வெல்சு ஆவார். கடைவாய்ப் பாற்பல்லின் வேர்களுக்கிடையே நிரந்தரப் பல்லின் முளை இருப்பதால், குறடு ஆழமாகச் செலுத்தப்படுவதில்லை.

பின்கவனிப்பு

* பஞ்சுத் துணியை 20 முதல் 30 நிமிடங்கள் கடித்திருக்க வேண்டும். முதல் நாளில் உமிழ்நீர் இளஞ்சிவப்பாக இருப்பது இயல்பு.
* மரப்பு சில மணி நேரம் நீடிக்கும். வலி தெரியாததால் குழந்தை உதட்டையோ கன்னத்தையோ கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளலாம். அதுவரை மென்று உண்ணும் உணவைத் தவிர்த்து, குழந்தையைக் கவனித்திருத்தல் வேண்டும்.
* பற்குழியில் உறைந்த குருதியே புண்ணை மூடிக் காக்கிறது. முதல் நாள் வாய் கொப்பளித்தல், பலமாகத் துப்புதல், உறிஞ்சுகுழலால் குடித்தல் கூடாது. மறுநாள் முதல் இளஞ்சூடான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.
* கஞ்சி, தயிர்ச்சோறு போன்ற மென்மையான உணவை ஆறவைத்துத் தரலாம். மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்க வேண்டும்.
* வலிக்கு, உடல் எடைக்கேற்ற அளவில் பாராசித்தமோல் தரப்படுகிறது. ஆஸ்பிரின் தரக்கூடாது. அது குருதிக்கசிவை மிகுவிக்கும். மேலும், மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கூட்டறிகுறியுடன் தொடர்புடையது. இந்நோய் 1963 இல் விவரிக்கப்பட்டது.

குழியின் மேல் வெண்மஞ்சள் படலம் தோன்றுவது ஆறுதலின் அறிகுறியே, சீழ் அன்று. ஈறு பெரும்பாலும் 1 முதல் 2 வாரங்களில் மூடிவிடும். அழுத்திப் பிடித்தும் குருதி நிற்காமை, காய்ச்சல், முகவீக்கம், நாளுக்கு நாள் மிகும் வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

விபத்தில் முழுமையாக வெளிவந்த பல்

விழுந்தது பாற்பல்லாயின் அதனை மீண்டும் குழியில் பொருத்துவதில்லை. அவ்வாறு பொருத்துவது அடியிலுள்ள நிரந்தரப் பல்லைச் சிதைக்கலாம். நிரந்தரப் பல்லாயின், வேரைத் தொடாமல் எடுத்து உடனே குழியில் பொருத்த வேண்டும். அது இயலாவிடில், பாலில் இட்டு விரைவாக மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.