வேற்றுமை அறிந்தார்க்கு ஆங்கிலம் எளிது

1964-ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. நாளடைவில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரமெங்கும் ஆலைகளும் அலுவலகங்களும் பெருகின. அவற்றில் பணி நாடிச் செல்லும் தமிழ்வழி மாணவர் பலர், தொழில் அறிந்திருந்தும் ஆங்கிலத்திற்கு அஞ்சி நேர்முகத் தேர்வில் வாயடைத்து நிற்கின்றனர். அவ்வச்சத்தைத் தீர்க்கும் மருந்து நம் தமிழ் இலக்கணத்திலேயே உண்டு என்பதை இங்குக் காண்போம்.

தொல்காப்பியமும் நன்னூலும் வேற்றுமை எட்டு என வகுத்தன. உருபு ஏற்கும்போது 'யான்' என்பது 'என்' எனவும், 'நீ' என்பது 'நின்' எனவும் திரியும் என்பதையும் அவை கூறின. 'நானைக் கண்டான்' என்று சிறு குழந்தையும் சொல்வதில்லை. 'என்னைக் கண்டான்' என்றே சொல்கிறது.

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களும் வேற்றுமைக்கேற்பத் திரிந்தன. காலப்போக்கில் அத்திரிபுகள் பெரும்பாலும் தேய்ந்தன. மூவிடப் பெயர்களில் அவை பெரிதும் நிலைத்தன. எழுவாயாக நிற்கும் ஐ, ஹி, ஷி, வி, தே ஆகியவை செயப்படுபொருளாகும்போது முறையே மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் ஆகின்றன. 'யூ', 'இட்' இரண்டும் திரிவதில்லை. 'யார்' என்னும் இடத்து 'ஹூ'. 'யாரை' என்னும் இடத்து 'ஹூம்'. தமிழில் 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு. ஆங்கில 'ஐ'யோ எழுவாய். இதனை மறவாதிருத்தல் நலம்.

இரு பெயர்கள் இணையும்போதே பிழை மிகுகின்றது. 'தி மேனேஜர் கால்டு மை ஃபிரண்ட் அண்ட் ஐ' என எழுதுவோர் உளர். நண்பனை நீக்கிப் பார்த்தால் 'கால்டு ஐ' என நின்று பிழை வெளிப்படும். 'மீ' என்பதே சரி. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பதும் அத்தகையதே. 'உனக்கும் எனக்கும் இடையே' என்கிறோமே அன்றி, 'உனக்கும் நானும் இடையே' என்கிறோமா? முன்னிடைச்சொல்லின் பின் 'மீ' வருதலே முறை. 'மீ அண்ட் மை ஃபிரண்ட் வென்ட்' என்று சொல்லிக் கண்டிக்கப்பட்ட மாணவர், அவ்வச்சத்தால் எங்கும் 'ஐ' என்றே எழுதிவிடுவதும் உண்டு.

ஓரிடத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என நாம் நான்காம் வேற்றுமையில் கூறுவனவற்றை ஆங்கிலம் எழுவாயாகவே கொள்ளும்: 'ஐ நோ', 'ஐ ஆம் ஹங்கிரி'. இங்குத் தமிழ் உருபை அப்படியே பெயர்த்தல் ஆகாது.

ஆகவே, தமிழ்வழிக் கல்வி ஆங்கிலத்திற்குத் தடை என எண்ணி மாணவர் தாழ்வுற வேண்டுவதில்லை. வேற்றுமையை ஐயமறக் கற்ற மாணவன் ஆங்கில இலக்கணத்தின் ஒரு பகுதியை முன்னரே கற்றவனாகிறான். வகுப்பில் ஆசிரியரும் இல்லத்தில் பெரியோரும் இதனை எடுத்துரைப்பின், நாளை தேர்வாளர்முன் அவன் தலைநிமிர்ந்து பேசுவான்.