உக்கிராணச் சாவி யாரிடம்? புதுச்சேரி அரசு எப்படி இயங்குகிறது

காரைக்கால் பகுதியில் உள்ள குரும்பகரத்து வாக்காளர் நெடுங்காடு தொகுதிக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்த உறுப்பினர் போய் உட்காரும் சட்டமன்றம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரியில் இருக்கிறது. நடுவில் தமிழ்நாடு. சட்டமன்றத்துக்கு மேலே துணைநிலை ஆளுநர், அவருக்கும் மேலே டெல்லி. இத்தனை படிகளில் முடிவு எந்தப் படியில் எடுக்கப்படுகிறது என்பது ஊரில் பலருக்கும் தெளிவில்லை. ஒரு சாலையோ மதகோ தாமதமானால் யாரைக் கேட்பது என்பதும் அதனால்தான் குழம்பிப்போகிறது.

டெல்டாவின் கல்யாணச் சமையலை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். கோட்டை அடுப்புக்கு முன் நிற்பவர் தலைமைச் சமையல்காரர். அரிசி, பருப்பு, நெய் எல்லாம் உக்கிராண அறைக்குள் இருக்கின்றன. சாவி வேறொருவர் இடுப்பில் இருக்கிறது. புதுச்சேரியில் சமையல்காரர் முதலமைச்சர். அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பந்தியில் உட்காரும் மக்கள். சாவி வைத்திருப்பவர் துணைநிலை ஆளுநர். அவரை அனுப்புவது டெல்லி என்னும் பெரிய வீடு.

அடுப்பு மூட்டிய கதை

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகளின் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டின் 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 239ஏ பிரிவைச் சேர்த்தது. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுச் சட்டம் சட்டமன்றத்தையும் அமைச்சரவையையும் தந்தது. பெரிய வீட்டின் கூரைக்குக் கீழே தனி அடுப்பு வந்தது இப்படித்தான்.

எதைச் சமைக்கலாம்?

நிறையவே சமைக்கலாம். மாநிலப் பட்டியல், பொதுப்பட்டியல் இரண்டிலும் உள்ளவை பற்றி இந்தச் சட்டமன்றம் சட்டம் இயற்றலாம். டெல்லி சட்டமன்றத்துக்கு இல்லாத காவல்துறையும் நிலமும்கூட இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் நாடாளுமன்றம் அதே பொருளில் வேறொரு பக்குவம் சொன்னால் அதுதான் நிற்கும்.

சாவி எப்படித் திறக்கிறது?

பட்ஜெட் என்பது சமையல்காரர் எழுதும் சாமான் பட்டியல். அதைச் சட்டமன்றத்தில் வைப்பதற்கு முன்பே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அதாவது மத்திய அரசு பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். மாநிலங்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக்குழுவின் வரம்புக்குள்ளும் புதுச்சேரி வருவதில்லை. அந்தப் பங்குக்குப் பதில் மத்திய அரசு தரும் மானியம்தான் வழி. ஜிஎஸ்டி வசூலுக்கு மட்டும் இது மாநிலமாகக் கணக்கிடப்படுகிறது. வசூலிக்கும்போது மாநிலம், பங்கு பிரிக்கும்போது யூனியன் பிரதேசம்.

அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்குப் போகும். அவசரமென்று கருதினால் பதில் வரும்வரை ஆளுநரே நடவடிக்கை எடுக்கலாம். கிரண் பேடி ஆளுநராக இருந்தபோது இந்த இழுபறி நீதிமன்றம் ஏறியது. அன்றாட நிர்வாகத்தில் ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

பெரிய வீடு அனுப்பும் மூன்று பேர்

சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 30, அவற்றில் காரைக்காலுக்கு 5. இவர்களோடு மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். இதற்கு உள்ளூர் அரசின் யோசனையைக் கேட்க வேண்டியதில்லை, அவர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கை வாக்கெடுப்பிலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பலன் 2021 பிப்ரவரியில் தெரிந்தது. சில உறுப்பினர்கள் பதவி விலகியபின் ஆளும் பக்கம் 12 பேர், எதிர்ப்பக்கம் 14 பேர். அந்தப் பதினான்கில் 3 பேர் நியமன உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினால் 12-க்கு 11. முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு கவிழ்ந்தது. பந்தியில் உட்காருபவர்கள் தேர்ந்தெடுக்காத மூவரும் சேர்ந்து சமையல்காரரை மாற்ற முடிந்தது. சட்டப்படி சரியானதாக இருந்தாலும், எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஹாங்காங் அடுக்களை

சீனாவின் ஹாங்காங்கிலும் ஐரோப்பிய ஆட்சி போனபின் ஒப்பந்தத்தின்பேரில் தனி அடுப்பு வந்தது. 1984-இல் பிரிட்டனும் சீனாவும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 1997 ஜூலை 1 முதல் 50 ஆண்டுகளுக்கு வாழ்க்கைமுறை மாறாது என்பது வாக்கு. அங்கே உக்கிராணம் உள்ளூரிலேயே இருக்கிறது: தனி நாணயம், தனிச் சுங்கம், பெய்ஜிங்குக்கு வரி கட்ட வேண்டாம். ஆனால் சமையல்காரரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1,500 பேர் கொண்ட குழு தலைமை நிர்வாகியைத் தேர்ந்தெடுக்கிறது, பெய்ஜிங் நியமிக்கிறது. 2021-இல் தேர்தல் முறையில் செய்த மாற்றங்களுக்குப் பின் சட்டமன்றத்தின் 90 உறுப்பினர்களில் 20 பேரை மட்டுமே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 ஜூனில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஹாங்காங் சட்டமன்றத்தின் வழியாக வராமல் பெய்ஜிங்கிலிருந்தே வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சுயாட்சியை அளக்கும் வழி கிடைக்கிறது. புதுச்சேரியில் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், சாவி கிடையாது. ஹாங்காங்கில் சாவி உண்டு, ஆளைத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டும் ஒரே இடத்தில் சேராதவரை ‘தன்னாட்சி’ அரைப் பேச்சுதான்.

கேட்க வேண்டியது

1956 ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு நமக்கு ஒரு வாக்கைத் தந்திருக்கிறது: இப்பகுதிகளின் தனி நிர்வாக அந்தஸ்தை மாற்றுவதென்றால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்ற வேண்டும். 1979-இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் எடுத்தபோது தனி அந்தஸ்து போய்விடும் என்ற உணர்வில் இங்கே பெரும் போராட்டம் வெடித்தது. மாநிலத் தகுதி கோரிச் சட்டமன்றம் தீர்மானம் போடுவதும் சாவியைக் கேட்டுத்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே நம்புகிறேன்.

ஆனால் புதுச்சேரி அரசின் இடுப்பிலும் ஒரு சாவி இருக்கிறது. குரும்பகரத்துக்கு மிகப் பக்கத்து அடுப்பு நெடுங்காடு கொம்யூன் பஞ்சாயத்து. உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் கொம்யூன்கள் அதிகாரிகள் கைக்குப் போயின. 2021-இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் கையில் அதிகாரம் வேண்டும் என்று டெல்லியிடம் வாதாடும் அரசு, அதே நியாயத்தை நெடுங்காட்டுக்கும் திருநள்ளாற்றுக்கும் நிரவிக்கும் தர வேண்டும். மாநிலத் தகுதிக்கு நாடாளுமன்றம் மனம்வைக்க வேண்டும். கொம்யூன் தேர்தலைப் புதுச்சேரியே நடத்திவிடலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் குரும்பகரத்துக்காரர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.