மாணவர் வலையொலியும் இசைக்கல்வியும்: லோபாக் வட்டாரத் தோட்டப்புறப் பாடல்களை முன்வைத்து

வலையொலி என்பது இணையத்தின்வழித் தொடராக வெளியிடப்பெறும் ஒலிப்பதிவாகும். இதற்குரிய ஆங்கிலச் சொல் 2004ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. கேட்டு மகிழ்வதற்குரிய ஊடகமாகவே பலரும் இதனைக் கருதுவர். மாணவர் தாமே உருவாக்கும்பொழுது இது இசைக்கல்விக்குரிய நல்ல பயிற்சியாகவும் அமையும். சிரம்பானையொட்டிய லோபாக் வட்டாரத்தை முன்வைத்து இதனை விளக்க முற்படுகிறோம்.

நெகிரி செம்பிலானின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டன. தோட்ட மக்கள் பலர் நகர்ப்புறங்களில் குடியேறினர். தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் பால்மரம் வெட்டுவோர் பாடல்களும் அவர்தம் நினைவில் உடன் வந்தன. மலேசிய நாட்டுப்புறப் பாடல்களை இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தொகுத்துள்ளனர். ஆயினும் அச்சு சொல்லைக் காக்குமேயன்றி மெட்டைக் காப்பதில்லை. பாடத் தெரிந்த மூதாட்டியர் மறையின் மெட்டும் உடன் மறையும்.

இதற்கு ஹங்கேரி நாட்டில் ஒரு முன்னோடி உண்டு. இசையறிஞர் சோல்டான் கோடாய் 1905இல் சிற்றூர்களுக்குச் சென்று பாடல்களைத் திரட்டத் தொடங்கினார். 1906இல் பேலா பார்டோக்குடன் இணைந்து இருபது பாடல்களை வெளியிட்டார். குழந்தையின் இசைக்கல்வி அதன் தாய்மொழிப் பாடலிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர் கொள்கை.

வகுப்பறையில் ஐந்து நிமிடப் பகுதியொன்று போதுமானது. மாணவர் தம் பாட்டியிடமோ அண்டை வீட்டு முதியவரிடமோ ஒரு பாடலைப் பதிவுசெய்வர். அது எங்கு, எவ்வேளையில் பாடப்பெற்றது என வினவுவர். பின்னர், 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘அடாசிட்டி’ போன்ற மென்பொருளால் தொகுப்பர். ஓரிடத்தில் வெட்டி ஒட்டுவதற்கே அப்பகுதியைப் பன்முறை கேட்கவேண்டியுள்ளது. மூச்சு எங்கு நிற்கிறது, அசை எங்கு நீள்கிறது, கைத்தட்டு எங்கு விழுகிறது என்பவற்றைச் செவி தானே கற்கிறது. தாம் கேட்டுணர்ந்ததை மாணவர் தம் குரலிலேயே விளக்கும்பொழுது இசையறிவும் மொழித்திறனும் ஒருங்கே வளர்கின்றன. ஒரே பாடலை இருமுறை பாடச்செய்து ஒப்பிடின், வாய்மொழி மரபில் மெட்டு நெகிழ்வதும் புலப்படும்.

இப்பணியில் ஆசிரியர் கருதவேண்டியவை மூன்று. முதலாவது, பாடுவோரின் இசைவு; பதிவு செய்வதற்கும் வெளியிடுவதற்கும் தனித்தனியே இசைவு பெறுதல் வேண்டும். இரண்டாவது, மரபுணர்வு. இழவு நேராத வீட்டில் ஒப்பாரி பாடுவதை அமங்கலமாகக் கருதுவோர் பலர், அவர்களை வற்புறுத்தலாகாது. ஏன் பாடலாகாது என்பதை அவர்கள் கூறுவதும் பதிவிற்குரிய செய்தியே. மூன்றாவது, வெட்டப்படாத மூலப்பதிவைத் தனியே பேணுதல். தொகுத்தது பாடத்திற்கு உதவும். ஆய்வுக்கு உதவுவது மூலமேயாகும்.

1983ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் இசை ஒரு பாடமாக இடம்பெற்றது. அப்பாடவேளையில் திரைப்பாடல்களைக் கையாளுதல் எளிது. எனினும் அவற்றை இணையத்தில் வெளியிடப் பதிப்புரிமை தடையாகும். தோட்டப்புறப் பாடலோ மாணவர் இல்லத்திலேயே கிடைப்பது. கருவிகள் எப்பொழுதும் கிடைக்கும்; பாடுவோர் அவ்வாறல்லர். ஆதலின் தமிழாசிரியரும் இசையாசிரியரும் இணைந்து இப்பணியைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்வது இன்றியமையாததாகும்.