பொலிகாளைக்குள் இருக்கும் காவலும் அதன் எல்லையும்

நாட்டு மாடு வளர்க்கிற பல ஊர்களில் ஒரே பொலிகாளைதான் பல வீட்டுப் பசுக்களுக்கும் சேருகிறது. "காளை திடமாத்தானே இருக்கு, அதுக்கு எதுக்குப் பரிசோதனை?" என்று கேட்போம். பதில் காளையின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

பிறக்கும்போதே கூடவந்த காவல் காளைக்கு உண்டு. முதல் காவல் வாசலில். சிறுநீர் போகும்போதெல்லாம் குழாயைக் கழுவிவிடுகிறது. குறியை மூடிய உறைக்குள் குடியிருக்கும் சாதுவான நுண்ணுயிர்கள், நம்ம மண்ணில் நடப்பதுபோல, கெட்ட கிருமிக்கு லேசில் இடம் தருவதில்லை.

அடுத்த காவல், விதையை ஒட்டியிருக்கும் நீண்ட சுருள்குழாயில். விந்தணு முதிர்கிற இடம் இது. இதன் உள்சுவர் டிஃபென்சின் என்ற சிறு புரதங்களைச் சுரக்கிறது. இவை கிருமியின் மேலுறையில் ஓட்டை போடும். தப்பியதை வெள்ளணுக்கள் விழுங்கும்.

ஆனால் விதைக்குள் நிலைமை வேறு. விந்தணு உருவாவது காளை பருவமடைந்த பிறகுதான். அதற்கு முன்பே உடம்பு 'தன்னது எது, அந்நியம் எது' என்று பழகிவிடும். அதனால் விந்தணுவையே எதிரி என்று தாக்கிவிடக்கூடும். அப்படி நடக்காமலிருக்க, அங்கே செல்களாலான ஒரு வேலி இருக்கிறது. காவல்படையும் அடக்கி வாசிக்கிறது. விந்தைக் காக்கும் இந்த அடக்கமே சில கிருமிகளுக்கு வசதியாகிவிடுகிறது.

கன்று வீச்சு நோயைத் தரும் புருசெல்லா கிருமி, தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே உயிர் வாழும். விதையில் தங்கினால் சில காளைகளுக்கு விதை வீங்கும். சிலதுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. வயது ஏற ஏற உறையின் உள்மடிப்புகளும் ஆழமாகும். டிரைக்கோமோனாஸ், கேம்பைலோபேக்டர் கிருமிகள் அங்கே வருடக்கணக்கில் பதுங்கும். காளைக்குக் காய்ச்சல்கூட வராது. பசுதான் சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும்.

அப்ப என்ன செய்யலாம்?

• புதுக் காளையைப் பசுக்களோடு சேர்க்கும் முன் தனியாகக் கட்டி, புருசெல்லாவுக்கு ரத்தமும், மற்ற இரண்டுக்கும் உறை கழுவிய நீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.
• உறைக்குள் மூலிகைச் சாறோ கிருமிநாசினியோ நீங்களாக ஊற்றாதீர்கள். தோல் புண்ணாகும், நல்ல நுண்ணுயிரும் சாகும்.
• கட்டுத்தரை காய்ந்திருக்கட்டும். பசுந்தீவனம் தவறாமல் கொடுங்கள். அதிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ உள்தோலைக் காக்கும்.
• 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குப் புருசெல்லா தடுப்பூசி போடுங்கள். காளைக்கன்றுக்குப் போடக்கூடாது.
• கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள். ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். இந்த நோய் மனிதருக்கும் வரும்.

உடம்பின் காவலை நம்பலாம். அது எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு நம்பணும். நாட்டுக் காளைகள் குறைந்துவரும் நேரத்தில், ஒரு காளையைப் பரிசோதிப்பது ஊர் மந்தையையே காப்பதுதான்.