தூறலுக்கே போகும் டிவி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டிடிஎச் இணைப்புள்ள வீடுகளில் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பும் கூடவே வந்துவிடுகிறது. மழை வந்தால் டிவி போகத்தானே செய்யும் என்று நாமும் பழகிவிட்டோம். கொட்டித் தீர்க்கும் மழையில் போனால் அது இயற்கைதான். ஆனால் தெருவில் குடைகூடப் பிடிக்காமல் ஆட்கள் நடந்துபோகும் தூறலுக்கே படம் உறைந்து நிற்கிறது என்றால் குறையை மொட்டை மாடியில்தான் தேட வேண்டும். மாதச் சந்தாவைத் தவறாமல் கட்டுகிற குடும்பங்கள், ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடக்கூடிய பழுதை வானிலையின் கணக்கில் எழுதிவிட்டு வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மழை உண்மையில் எவ்வளவு கெடுக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து கேயூ பேண்ட் என்ற அலைவரிசையில் இந்தச் சிக்னல் வருகிறது. அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும், ஒரு பகுதியைச் சிதறடிக்கும். பொறியாளர்கள் கையாளும் வாய்பாட்டின்படி, மணிக்கு 5 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் சிறு மழையில் ஐந்து கிலோமீட்டர் தூரம் நனைந்து வந்தாலும் சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. மணிக்கு 50 மில்லிமீட்டர் என்று ஊற்றும்போதோ பத்தில் ஒரு பங்கு மிஞ்சுவதே அரிது. ஒழுங்காகப் பொருத்திய டிஷ் முதல் மழையைச் சுலபமாகத் தாங்கும். இரண்டாவது மழையில் வீட்டு டிஷ் தடுமாறுவதை யாரும் குறைசொல்ல முடியாது. அந்த வேகத்தில் மழையும் வெகுநேரம் நீடிக்காது. ஆகவே எந்த மழைக்குப் படம் போகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

மற்ற நாட்களில் படம் துல்லியமாகத்தானே வருகிறது, டிஷ்ஷில் கோளாறு என்றால் எப்போதும் அல்லவா தெரிய வேண்டும் என்று கேட்கலாம். பழைய கம்பி ஆன்டெனா காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து பல ஆண்டுகள், பழுது திரையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்தது. ஆன்டெனா திசை மாறினால் படம் முழுக்கப் புள்ளிகள். பக்கத்துக் கட்டடத்தில் அலை பட்டுத் திரும்பினால் ஒவ்வொரு முகத்துக்கும் அருகில் ஒரு நிழல் முகம். மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே இருப்பவர் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தால் போதும். டிஜிட்டலில் இந்தப் படிப்படியான சரிவு கிடையாது. வரும் தகவலில் உள்ள பிழைகளை செட்டாப் பாக்ஸே திருத்திவிடுகிறது. திருத்த முடிகிறவரை படத்தில் ஒரு குறையும் தெரியாது. முடியாமல் போனதும் கட்டம் கட்டமாக உடைந்து, அடுத்த நொடி ஒன்றுமே இருக்காது. தேவைக்கு மேல் தாராளமாகச் சிக்னல் வாங்கும் டிஷ்ஷும், மயிரிழையில் தப்பிக்கொண்டிருக்கும் டிஷ்ஷும் வெயில் நாளில் ஒரே படத்தைத்தான் தரும். கையிருப்பு எவ்வளவு என்பதைத் தூறல்தான் வெளியே கொண்டுவருகிறது.

அந்தக் கையிருப்பைத் தின்னும் முதல் காரணம் டிஷ்ஷின் கோணம். 60 சென்டிமீட்டர் டிஷ் வானத்தில் சுமார் 3 பாகை அகலத்தைத்தான் பார்க்கும். அதன் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட ஒரே ஒரு சென்டிமீட்டர் முன்னே சாய்ந்தாலும் ஒரு பாகை போய்விட்டது. சிக்னலில் கால் பங்குக்கு மேல் இழப்பு. இரண்டு பாகை விலகினால் முக்கால் பங்கு ஏறத்தாழ காலி. 2016 டிசம்பரில் வந்த வர்தா மாதிரியான புயல்தான் வேண்டும் என்பதில்லை. தளர்ந்த நட்டும், துணி காயப்போடும்போது தெரியாமல் படும் ஓர் இடிப்பும் போதும். கோணம் சரியாக இருந்தும் வழியில் மரமோ கட்டடமோ மறைக்கிறதா என்று பார்க்கிறவர்கள் வழக்கமாகத் தவறான உயரத்தில் பார்க்கிறார்கள். டிடி ஃப்ரீ டிஷ் வருகிற ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில். டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவி குறுக்கே நின்று மறைக்காதபடி டிஷ்ஷை ஒரு பக்கமாகக் குவியும் வகையில் வடிவமைத்திருப்பதால், அதன் முகம் எதிர்வீட்டு மாடியை நோக்குவதுபோல் தோன்றும். அது உண்மையில் பார்ப்பது அதைவிட வெகு மேலே. எதிர்வீடு மறைக்கிறதோ என்று கவலைப்படுகிறவர், தலைக்கு மேல் நீண்டு வந்திருக்கும் தென்னை ஓலையைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்.

அடுத்தது கேபிள். எல்லாவற்றையும்விட அதிகம் கெடுவதும், குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான் என்பது என் எண்ணம். எல்என்பிக்கு அடியில் திருகியிருக்கும் சின்ன உலோகக் கனெக்டர் வெயிலிலும் மழையிலும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றிலும் கிடக்கிறது. செட்டாப் பாக்ஸின் மின் இணைப்பை எடுத்துவிட்டு அதைக் கழற்றிப் பார்த்தால் நிறைய தெரியும். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும்; கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அதைச் சுற்றியுள்ள நுரை வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பேறி ஈரமாக இருந்தால் கேபிளுக்குள்ளேயே நீர் இறங்கியிருக்கிறது. வெளிப்பின்னலின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மொத்தமும் ஷார்ட். இதே கேபிள் வழியாகத்தான் பாக்ஸிலிருந்து எல்என்பிக்கு மின்சாரமும் மேலே போகிறது. 13 வோல்ட் போனால் ஒருவகை அலைகளையும் 18 வோல்ட் போனால் மற்றவகை அலைகளையும் எல்என்பி எடுக்கும். துருப்பிடித்த இணைப்பில் 18 வோல்ட் இளைத்துப்போனால், இரண்டு வகையையும் பயன்படுத்தும் சேவையில் ஒரு தொகுதி சேனல்கள் மட்டும் மறைந்து மீதி நன்றாக வரும். இதைக் கட்டணக் கோளாறு என்று நினைத்துக் கஸ்டமர் கேரில் சண்டைபோடுவதில் பயனில்லை.

மெனுவில் சிக்னல் தொண்ணூறு சதவீதம் காட்டுகிறதே என்பது இன்னொரு மறுப்பு. அங்கே இரண்டு கோடுகள் இருக்கும். ஸ்ட்ரெங்த் என்பது உள்ளே வரும் மொத்த ஆற்றல்; இரைச்சலும் அதில் சேர்த்தி. டிஷ் வேறொரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது உயரமாகவே நிற்கும். வரும் தகவல் எவ்வளவு சுத்தம் என்பதைக் குவாலிட்டி என்ற கோடுதான் சொல்லும். டிஷ்ஷைத் திருப்புகிறவர் இரண்டாவதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு அசைவுக்கும் பிறகு ஓரிரு நொடி நிறுத்தித் திருப்ப வேண்டும். பூஸ்டர் வாங்கி மாட்டினால் தீருமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு: பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும், டிஷ்ஷில் இழந்ததை மீட்டுத் தராது. மாடிக்கும் வீட்டுக்கும் கேபிள் நெடுந்தூரம் ஓடும் இடங்களில் மட்டும் அதற்குப் பயன் இருக்கிறது. பெரிய டிஷ் நிச்சயம் உதவும், ஆனால் கோணமும் கனெக்டரும் சரியான பிறகுதான் அந்தச் செலவு.

தவறு வீட்டில் இல்லாத நேரங்களும் உண்டு. மார்ச்சிலும், செப்டம்பர் கடைசி அக்டோபர் தொடக்க நாட்களிலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போது சில நிமிடங்கள் படம் தடுமாறலாம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டு சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை நிறுத்தியபோது சன் டைரக்ட் ஒளிபரப்பு தடைப்பட்டது. அந்நிறுவனம் 91.5 பாகையில் இருந்த மீசாட்-3க்கு மாறியதால், இரண்டு செயற்கைக்கோள்களுக்கும் இடையிலான இரண்டு பாகைக்காக வீடு வீடாக டிஷ்ஷைத் திருப்ப நேர்ந்தது. இப்படிப்பட்ட கோளாறா என்று அறிய, அதே நிறுவன இணைப்புள்ள பக்கத்து வீட்டில் கேட்டாலே போதும். அங்கேயும் போயிருந்தால் காத்திருக்கலாம். அங்கே வந்துகொண்டிருந்தால் மாடிக்குப் போக வேண்டியதுதான், மழையும் இடியும் நின்று தளம் காய்ந்த பிறகு.

கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியிலும், சுவருக்கு வெளியே கம்பியில் தொங்கும் டிஷ்ஷிலும் நாமே கை வைக்கக் கூடாது. டெக்னீஷியனைக் கூப்பிடுவதே நல்லது. வந்தவர் பாக்ஸை மாற்றச் சொல்வதற்கு முன் மாடிக் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்திருந்தால் கேபிள் நுனியை நல்ல இடம் வரை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, தண்ணீர் புகாத டேப் சுற்றி, மழைநீர் கனெக்டருக்கு ஓடாமல் வழியிலேயே சொட்டிவிடும்படி கேபிளைக் கீழே வளைத்துக் கட்டச் சொல்லுங்கள். அவர் கிளம்பும் முன், வானம் வெளுத்திருக்கும் நேரத்தில், குவாலிட்டி கோட்டின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்கு முன் அது இறங்கியிருந்தால், படம் இன்னும் நன்றாக வரும்போதே அவரைக் கூப்பிட்டுவிடலாம்.